கம்பியில்லா ஓட்டுநர் இருவர்

திருத்தணியில் எல்லைச் சான்று அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. வழி சொல்ல மாட்டேன். வழி கேட்டுப் போனவர்கள் யாரும் போன காரியம் முடிந்து திரும்பியதாக எனக்குத் தெரியவில்லை. என்னால் எதற்கு ஒரு குடும்பம் கஷ்டப்பட வேண்டும்?

அந்த அலுவலகத்துக்கு ஒரே ஒரு வேலைதான். உங்கள் வீடு தமிழ்நாட்டில் இருக்கிறது, ஆந்திராவில் இல்லை என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே படுத்துத் தூங்கும் உங்களுக்கு அது தெரிந்திருக்கலாம். அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டாமா?

இந்த வேலைக்காக அங்கே ஒரு கணினி, ஒரு ஜீப், ஒரு டிரைவர். ஜீப்பின் பின் அச்சு முறிந்து ஆறு வருஷமாகிறது. புங்கமரத்தடியில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன் பக்கவாட்டில் இருந்த இரும்புக் கம்பிகளை எந்தப் புண்ணியவானோ கழற்றிக்கொண்டு போய்விட்டதால், பார்ப்பதற்குப் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். டிரைவர் சந்திரமோகன் தினமும் காலை பத்து மணிக்கு வருவார். ஜீப்பைத் துடைப்பார். ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அரை வட்டம், அந்தப் பக்கம் அரை வட்டம் திருப்புவார். இறங்கி, வண்டிப் பதிவேட்டில் ‘இன்று ஓடிய தூரம்: 0’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தக் கணக்கு தப்பியதில்லை. ‘அச்சு முறிந்துவிட்டது, மாற்றித் தர வேண்டும்’ என்று பதினோரு கடிதம் கொடுத்திருக்கிறார். பதினோரு கடிதமும் கண்காணிப்பாளர் சடகோபனின் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. உறைகூடக் கிழியவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்று மாலை ஐந்தே முக்காலுக்குச் சந்திரமோகன் ஓய்வு பெற வேண்டும். திருத்தணிக்காரர்களுக்கு அது என்ன நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: படித் திருவிழா. மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. படிக்கு ஒரு சூடம், படிக்கு ஒரு பாட்டு. முப்பத்துநாலு வருஷமாக அந்த நாளில் சந்திரமோகன் யாராவது ஒரு பெரிய மனுஷரை ஏற்றிக்கொண்டு மலை ரோட்டில் போவார். ஜீப் நின்றுபோன பிறகும் விட்டபாடில்லை, இரவல் வண்டியில் போவார். அவர் மனைவி சுலோச்சனா படியில் தனியாக ஏறுவாள்.

“இந்த வருசம் நீ என்கூட படி ஏறணும்” என்று அவள் ஆடியிலேயே சொல்லிவிட்டாள். “இந்த வாட்டியும் தனியா வுட்டன்னு வையி, நான் வேற டிரைவர் பாத்துக்கறேன்.”

டிசம்பர் பிறந்ததிலிருந்து அவருக்கு ஓர் இடத்தில் கால் தரிக்கவில்லை. வாசலுக்கு வருவார், ஜீப்பைப் பார்ப்பார், உள்ளே போவார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், மறுபடி வாசல். உட்காரச் சொன்னால் உட்காருவார். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். இன்னும் இத்தனை நாள், இன்னும் இத்தனை மணி.

அந்தச் சமயத்தில்தான் கணினி படுத்தது.

பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடும். திடீரென்று திரை நீலமாகும். அதில் ஒரு சோக முகம், பக்கவாட்டில் படுத்தபடி தோன்றும். சான்று கேட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே அது அந்த முகத்தைக் கற்றுக்கொண்டது என்று ஊரில் பேச்சு. பிறகு அணையும். மறுபடி எழும்பும். மறுபடி பத்து நிமிஷம்.

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் கன்னியம்மாள், தறிக்குக் கரன்ட் இணைப்பு வாங்கச் சான்று கேட்டு மூன்று வாரமாக அலைந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் ‘கன்னி’ வரைக்கும் அடித்ததும் திரை நீலமாகிவிடும்.

“மூணு வாரமா கன்னியாவே நிக்கறேன் நைனா” என்று பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். “எனக்குப் பேரன் பொறந்துட்டான்.”

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுதாவைக் கூப்பிட்டார்கள். அவள் வந்தாள், அரை மணி நேரம் நோண்டினாள், சிரித்தாள்.

“ஒண்ணும் இல்ல சார். மிசினுக்குள்ளயே ஒரு வைஃபை இருக்குது. அது பத்தலன்னு யாரோ இந்தக் குச்சிய வாங்கி சொருவி, அதுக்கும் தனியா டிரைவர் போட்டுட்டாங்க. ரெண்டு டிரைவரும் ஒரே நேரத்துல ஓடிகினு ஒண்ணுமேல ஒண்ணு இடிச்சிக்குது. அதான் மிசின் படுத்துக்குது. பழைய டிரைவர எடுத்துட்டா போதும், பத்து நிமிசம். எடுத்துடட்டுமா?”

“தொடாதே!” என்றார் சடகோபன். “கணினியிலிருந்து எதை எடுத்தாலும் எழுத்துமூலமாக அறிக்கை வேண்டும், அதன் பேரில் உத்தரவு வேண்டும். எழுதிக் குடும்மா.”

சுதா அங்கேயே ஒரு தாளை வாங்கி எழுதினாள்: ‘ஒயர்லெஸ் டிரைவர் ரெண்டு இருக்கு. ரெண்டும் மோதிக்கிறதால கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துடுது. பழைய டிரைவரை எடுக்கணும்.’

சடகோபனைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்சிமொழிப் பயிலரங்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்து வெண்கலக் கேடயம் வாங்கியவர். டீக்கடையில் ‘டீ’ என்று சொல்லி வைத்தால் தொட மாட்டார். கடைக்காரர் ‘தேநீர்’ என்று திருத்திக்கொள்ளும் வரை ஆறவிடுவார். இப்படிப்பட்டவர் கையில் சுதாவின் தாள் கிடைத்தால் சும்மா விடுவாரா? அன்று மாலையே கோப்பில் ஏறியது:

‘கம்பியில்லா ஓட்டுநர் இருவர் உளர். அன்னார் தம்முள் மோதிக்கொள்வதால் கணினி அடிக்கடி படுத்துவிடுகிறது. பழைய ஓட்டுநர் நீக்கப்பட வேண்டும்.’

எழுதிவிட்டு, பொருத்தமாக இருக்கிறதா என்று ஜன்னல் வழியே பார்த்தார். புங்கமரத்தடியில் கம்பியில்லாத ஜீப் நின்றது. அதற்குள் பழைய ஓட்டுநர் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். சடகோபனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தனி அலுவலர் விஜயராகவன் கோப்பை மூன்று முறை படித்தார். படிக்கப் படிக்க அது உண்மையாகிக்கொண்டே வந்தது. சந்திரமோகனைக் கூப்பிட்டார்.

“எத்தனை வருஷ சர்வீஸ்?”

“முப்பத்துநாலு சார்.”

“முப்பத்துநாலு வருஷம் ஒழுங்கா இருந்துட்டு, கடைசி மாசத்துல போய் மோதலாமா?”

“வண்டியே ஓடலியே சார். எதுல மோதினேன்?”

“கம்ப்யூட்டர்ல.”

சந்திரமோகன் ஓரடி முன்னால் வந்தார். “சார், அந்த ரூமுக்குள்ளயே நான் போனது இல்ல சார். செருப்பக் கழட்டணும்னு போர்டு இருக்குது. நான் வாசல்லயே டீயக் குடுத்துட்டு வந்துடுவேன்.”

“உள்ள போகாமலே மோதியிருக்கீங்க. அதனாலதான் ‘கம்பியில்லா’ன்னு போட்டிருக்கு.”

இதற்கு ஒரு பதில் வேண்டும். உங்களிடம் இருக்கிறதா?

“சரிங்க சார். யாரோட மோதினேன்?”

விஜயராகவன் சடகோபனைப் பார்த்தார். சடகோபன் பணியிடப் பட்டியலைப் புரட்டினார். ஓட்டுநர் பணியிடம் இரண்டு என்று இருந்தது. இரண்டாவது பதினைந்து வருஷமாகக் காலி.

“அறிக்கை இருவர்னு சொல்லுது” என்றார் விஜயராகவன் நிதானமாக. “இங்க ஒருத்தர்தான் இருக்கார். குற்றம் முழுசா இருக்கு, குற்றவாளி ஒருத்தர் குறையறார். அது நிர்வாகக் குறைபாடு. அதுக்காக இவரை மட்டும் தண்டிச்சா நியாயமில்ல. முதல்ல இன்னொருத்தரை நியமிச்சு, அப்புறம் ரெண்டு பேரையும் சமமா விசாரிக்கணும். இந்த நாற்காலியில உட்கார்ந்துகிட்டு நான் யாருக்கும் அநீதி பண்ணினதில்ல.”

மூன்றாம் நாள் பக்கத்து அலுவலகத்திலிருந்து மாற்றுப்பணியில் ஒரு டிரைவர் வந்து இறங்கினான். கனகம்மாசத்திரத்துக் கிருஷ்ணன். சுலோச்சனாவின் கூடப்பிறந்த தம்பி.

“பாவா!” என்று ஓடி வந்து சந்திரமோகனைக் கட்டிக்கொண்டான். “என்னாத்துக்கு பாவா என்ன இங்க தூக்கிப் போட்டானுங்க?”

“என்னோட சண்ட போட்டதுக்கு.”

“எப்ப போட்டேன்?”

“போன வாரம்.”

“போன வாரம் பூரா லீவு போட்டுட்டு உங்க வூட்லதான துன்னுகினு தூங்கிகினு கெடந்தேன்!”

“கத்தாதடா. மோதலுக்கு வாய்ப்பு இருந்துச்சின்னு அதையும் எழுதிப்பாங்க.”

எழுதிக்கொண்டார்கள். சடகோபன் பின்னாலேயே நின்றிருந்தார்.

கிருஷ்ணன் பணியில் சேர்ந்ததற்கு விஜயராகவன் கோப்பில் கையால் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரை வைத்தார்; முடிந்தது. கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டாமா என்று கிருஷ்ணன் கேட்டான். சடகோபன் விளக்கினார்: “சேர்க்கவும் விடுவிக்கவும் அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் போதும். தண்டிக்க மட்டும்தான் கணினி எண் வேண்டும். தண்டனையில் எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாது பாருங்கள்.”

மறுநாள் இருவருக்கும் விதி பதினேழு பி-யின்படி குற்றச்சாட்டு ஓலை. அரசு ஊழியர்கள் வீட்டில் குழந்தைகள் சாப்பிட மறுத்தால் பூச்சாண்டி என்று சொல்வதில்லை, பதினேழு பி என்றுதான் சொல்வார்கள். ‘அரசுக்குச் சொந்தமான கணினியினுள், முன் அனுமதியின்றி, சீருடையின்றி, அலுவல் நேரத்தில் மோதிக்கொண்டமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?’ விசாரணை நிலுவையில் இருந்தால் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு கிடையாது, பணியிலிருந்து விடுவிக்க மாட்டார்கள். ஐந்தே முக்காலுக்குள் தற்காலிகப் பணிநீக்க உத்தரவுக்குக் கணினி எண் விழுந்து, அது ஃபோனுக்கு வந்துவிடும். அப்புறம் விசாரணை முடியும் வரை தினமும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்த அலுவலகத்தில் விசாரணை முடிந்து நான் பார்த்ததில்லை. பார்க்காததையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் எனக்கு உண்டு. இதில் அப்படியும் ஒன்று கிடைக்கவில்லை.

சுலோச்சனா முந்நூற்று அறுபத்தைந்து சூடக் கட்டியை வாங்கி மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தாள். சந்திரமோகன் வீட்டுக்குள் இங்கும் அங்குமாக நடந்தார்.

“கூண்டுல போட்டாப்ல ஏன் நடந்துகினே கீற? இத்தினி நடைய படியில நடந்திருந்தா மலைக்கு நாலு வாட்டி போயி வந்திருக்கலாம்.”

“கம்பி எண்ண வெச்சிடுவாங்க போலருக்குது சுலோச்சனா.”

“கம்பியில்லன்னுதான எழுதியிருக்கான்? அப்புறம் எத எண்றது?”

இதற்கிடையில் கன்னியம்மாள் சும்மா இருக்கவில்லை. நேரே கடைக்குப் போய்ச் சுதாவிடம் சொன்னாள்: “இன்னா எழுதிக் குடுத்த கண்ணு நீ? அந்த ஆளு பொயப்ப கெடுத்துட்டியே.” சுதா பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

“சார், டிரைவர்னா ஆளு இல்ல சார்! அது ஒரு சாஃப்ட்வேர். மென்பொருள்!”

சடகோபன் கண்ணை மூடி யோசித்தார். “மென்பொருள் ஓட்டுநர்... அதாவது மென்மையாக விசாரிக்கச் சொல்கிறாய். நாங்கள் குரலைக்கூட உயர்த்தவில்லை அம்மா.”

“அய்யோ, மிசினுக்குள்ள இருக்கற டிரைவர் சார்!”

“மிஷினுக்குள்ளதான் மோதினாங்கன்னு நாங்களும் சொல்றோம்” என்றார் விஜயராகவன். “இதுல உனக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லையே.”

“எழுதுன நானே சொல்றேன் சார், அதுக்கு அர்த்தம் அது இல்ல.”

விஜயராகவன் சிரித்தார். பெரிய மனது வைத்துச் சிரிக்கிற சிரிப்பு. “இங்க பாரும்மா. எழுதற வரைக்கும்தான் அது உன் அறிக்கை. பதிவெண் போட்ட பிறகு எங்க அறிக்கை. அதுக்கு என்ன அர்த்தம்னு நாங்க முடிவு பண்ணுவோம். எழுதினவங்களைக் கேட்டு அர்த்தம் பண்ண ஆரம்பிச்சா அப்புறம் இந்த அலுவலகம் எதுக்கு?”

சுதா வெளியே வந்தாள். புங்கமரத்தடியில் நின்ற இரண்டு டிரைவர்களையும் பார்த்தாள். ஒரு முறுக்கை இரண்டாக உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

தண்டிப்பதற்கு முன் ஒரு சமாதான முயற்சி செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறதாம். விஜயராகவன் உத்தரவு போட்டார்: ‘முருகப்பெருமானே சினம் தணிந்த தலம் இது. இத்தலத்தில் பணிபுரியும் இருவர் சினம் தணியாதிருப்பது தலத்துக்கும் துறைக்கும் இழுக்கு. எனவே இருவரும் கண்காணிப்பாளர் முன்னிலையில், அலுவலக வாகனத்தில் மலைக்குச் சென்று சினம் தணிந்து, பிற்பகலுக்குள் அறிக்கை அளிக்க வேண்டும்.’

அலுவலக வாகனத்தில் என்று இருந்ததால் மூன்று பேரும் ஜீப்பில் ஏறினார்கள். யார் ஓட்டுவது என்று கேள்வி வந்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஓட்டினால் மோதல், ஒருவர் மட்டும் ஓட்டினால் பாரபட்சம். கடைசியில் சந்திரமோகன் ஸ்டியரிங்கையும் கிருஷ்ணன் கியரையும் பிடித்துக்கொண்டார்கள். நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார்கள். வளைவுகளில் சடகோபன் ‘மெதுவாக, மெதுவாக’ என்றதாகக் கன்னியம்மாள் சத்தியம் செய்கிறாள். பிறகு ‘சென்ற இடம்: மலை. ஓடிய தூரம்: 0’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

சன்னதியில் சடகோபன் பேனாவைத் திறந்துகொண்டார். “ம். தணியுங்கள்.”

“எனக்கு எதுவும் ஏறவே இல்லியே சார், எறங்கறதுக்கு” என்றான் கிருஷ்ணன். “நம்ம சாமிக்கே ரெண்டு சம்சாரம். ஒரே மலைல எவ்ளோ காலமா ஒத்துமையா கீறாங்க. எங்க ரெண்டு பேருக்கு என்னா கேடு?”

‘இரண்டாம் ஓட்டுநர் தெய்வத்தை மேற்கோள் காட்டி விசாரணையைத் திசைதிருப்பினார்’ என்று சடகோபன் குறித்துக்கொண்டார்.

அவர்கள் இறங்கி வந்த பிற்பகலில் மட்டும் கணினி ஐந்து தடவை நீலமானது. அத்தோடு சமாதான முயற்சி முடிந்தது. “வெளியில தணிஞ்சிருக்கு, உள்ள தணியல” என்றார் விஜயராகவன். “இருவரில் பழைய ஓட்டுநரைத்தான் நீக்கணும்னு அறிக்கை சொல்லுது. முப்பத்தொண்ணாம் தேதி உத்தரவு.”

“அவரேதான் அன்னிக்கி ஓய்வுல போயிடறாரே சார்” என்று கிருஷ்ணன் கெஞ்சினான். “தானா போறவர வுட்டுடுங்களேன்.”

“அவர் போயிட்டா நான் யாரை நீக்குவேன்?”

முப்பத்தொன்றாம் தேதி விடிந்தது. படிகளில் காலையிலேயே பஜனைக் கோஷ்டிகள் நிறைந்துவிட்டன. ‘அரோகரா’ சத்தம் அலுவலக ஜன்னல் வரைக்கும் வந்தது. சுலோச்சனா மஞ்சள் பையோடு வந்து ஜீப்பின் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். சந்திரமோகன் ஜீப்பைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. அன்று அவர் சுற்றியதை அளந்திருந்தால் பதிவேட்டில் முதல் தடவையாகப் பூஜ்யம் மாறியிருக்கும்.

உள்ளே சடகோபன் உத்தரவை அடிக்க ஆரம்பித்தார். அரைப் பக்கம்தான். அவர் அடிப்பது ஒற்றை விரலில். கடைசி வரியில் ‘ஓட்டுநர் திரு. சந்திரமோ’ என்ற இடம் வருவதற்கும் பத்து நிமிஷம் முடிவதற்கும் சரியாக இருந்தது. நீலம். சோக முகம். மறுபடி முதலிலிருந்து. ‘சந்திரமோ’. நீலம். பன்னிரண்டு மணிக்கும் அங்கேதான், மூன்று மணிக்கும் அங்கேதான்.

கன்னியம்மாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து ஜீப்பண்டை சேதி சொன்னாள். “என்னுது ‘கன்னி’ல நிக்குது, உன்னுது ‘மோ’ல நிக்குது நைனா. உள்ள சண்ட போடுதே அந்த ரெண்டு டிரைவரு, நல்லா அடிச்சிக்கட்டும். சாயந்தரம் வரிக்கும் சமாதானமே ஆவக் கூடாது. முருகா!”

ஐந்து மணிக்கு விஜயராகவன் பொறுமை இழந்தார். “அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. என்னமோ பத்து நிமிஷத்துல சரி பண்றேன்னாளே, இப்ப பண்ணட்டும்!”

திருவிழாக் கூட்டத்தில் ஸ்கூட்டியை நீந்த வைத்து, ஐந்து இருபதுக்குச் சுதா வந்து சேர்ந்தாள். ஜீப்பைக் கடக்கும்போது நின்றாள். சந்திரமோகன் சுற்றுவதைப் பார்த்தாள். சுலோச்சனாவின் மடியில் இருந்த பையைப் பார்த்தாள். உள்ளே போனாள். கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஆரம்பி!”

“பழைய டிரைவர எடுக்கணும் சார். எடுக்கணும்னா எழுத்துல உத்தரவு வேணும்னு நீங்கதான சொன்னீங்க?”

சடகோபன் நெஞ்சு நிமிர்ந்தது. விதியை ஒரு கடைக்காரப் பெண் மதிக்கிறாள்! கோப்பை எடுத்தார். “பழைய ஓட்டுநரை நீக்க...”

“நீக்கன்னா மொத்தமா போயிடும் சார், திருப்பிப் போட முடியாது. மிசின்லருந்து ரிலீஸ் மட்டும் பண்ணினா போதும்” என்றாள் சுதா. அப்புறம், ரொம்பப் பணிவாக, “ரிலீஸுக்கு நல்ல தமிழ்ல என்னா சார்?”

பத்து வருஷத்தில் சடகோபனிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. “விடுவித்தல்” என்றார். அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘அலுவலக நலன் கருதி, பழைய ஓட்டுநர் இன்று பிற்பகல் முதல் விடுவிக்கப்படுகிறார்.’

விஜயராகவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வட்ட முத்திரை விழுந்தது. மணி ஐந்து இருபத்தொன்பது.

“எதிர்க்கடைல ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடறேன் சார். என்கிட்டயும் ஒரு காப்பி இருக்கணும்” என்று சுதா தாளோடு வெளியே வந்தாள். எடுத்தாள். ஜெராக்ஸைத் தான் வைத்துக்கொண்டு, அசலைச் சந்திரமோகனிடம் நீட்டினாள்.

“எனக்கு எதுக்கும்மா?”

“படிங்கண்ணா.”

படித்தார். முத்திரை மை இன்னும் காயவில்லை. கட்டை விரலில் ஒட்டியது. மறுபடி படித்தார். ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்த முழங்கால் நின்றது.

சுதா உள்ளே போய் நாலு தட்டுத் தட்டினாள். அந்தக் குச்சிக்குரிய டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு, கணினியோடு வந்த பழைய டிரைவரைத் தூக்கினாள். அணைத்துப் போட்டாள். திரை வெள்ளையாக வந்தது, வெள்ளையாகவே இருந்தது. சடகோபன் ஒற்றை விரலில் ‘சந்திரமோ’வைத் தாண்டி ‘கன்’ என்று அடித்தபோது அவருக்கே நம்பிக்கையில்லை. ஐந்து நாற்பத்துமூன்றுக்கு எண் விழுந்து, உத்தரவு சந்திரமோகனின் ஃபோனுக்குப் போனது. விஜயராகவன் வாசலுக்கு ஓடி வந்தார்.

“மிஸ்டர் சந்திரமோகன், அந்த ஃபோனை எடுத்துப் பாருங்க, உங்களுக்கு ஓர் உத்தரவு...”

“எனக்குத்தான் குடுத்துட்டீங்களே சார்” என்று சந்திரமோகன் தாளைக் காட்டினார். “பழைய ஓட்டுநர் விடுவிக்கப்படுகிறார். உங்க கையெழுத்து, உங்க முத்திரை. விடுவிச்ச ஆளுக்கு அப்புறம் எப்பிடி சார் இன்னொரு ஆர்டரு?”

விஜயராகவன் வாங்கிப் படித்தார். சடகோபனைப் பார்த்தார். சடகோபன் புங்கமரத்தைப் பார்த்தார். ‘அது இயந்திரத்துக்குள் இருக்கும் ஓட்டுநரைக் குறித்தது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால், இத்தனை நாளாக யாரை விசாரித்தோம் என்ற கேள்வி வரும்.

“நான் கையெழுத்துப் போட்டா அதுல தப்பு இருக்க முடியாது” என்றார் கடைசியில். “தப்பா இருந்தா போட்டிருக்கவே மாட்டேன்.” உள்ளே திரும்பிப் பார்த்தார். கணினி ஓடிக்கொண்டிருந்தது. முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா சடகோபன்? பழைய ஓட்டுநரை விடுவிச்சேன், அடுத்த நிமிஷமே கணினி ஓடுது! நான் முதல்லயிருந்து என்ன சொன்னேன்? மேலிடத்துக்கு உடனே அறிக்கை அனுப்புங்க. எல்லா அலுவலகத்துலயும் இந்த முறையைக் கடைப்பிடிக்கலாம்னு.”

அறிக்கைக்கு முன்னால், பாவம் என்று, கன்னியம்மாளின் சான்றை அடித்தார்கள். முழுப் பெயரும் திரையில் வந்தது. இத்தனை வாரம் கழித்துத் தன் பெயரை முழுசாகப் பார்த்த கன்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அச்சடிக்கும் பொத்தானை அமுக்கினார்கள். ஒன்றும் வரவில்லை. சுதா குனிந்து பார்த்தாள்.

“இதுக்கு டிரைவரே இல்ல சார்” என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

சந்திரமோகனும் சுலோச்சனாவும் நாற்பத்தோராம் படியில் இருந்தார்கள். கிருஷ்ணன் பின்னால் தேங்காய்ப் பையைத் தூக்கி வந்தான். பஜனைக் கோஷ்டியின் ஜால்ரா காதைப் பிளந்தது. சுலோச்சனா சூடத்தை வைத்தாள். அவர் கையால் மறைத்துத் தீக்குச்சி கிழித்தார். ஃபோன் அடித்தது. சடகோபன்.

“திரு. சந்திரமோகன்! அவசரம்! அச்சுப்பொறிக்கு ஓட்டுநர் இல்லையாம். அச்சு வேலை செய்யவில்லை. அலுவலர் உங்களை உடனே...”

“ஆங்? இன்னா சார்? சத்தமா பேசுங்க.”

“அச்சு! அச்சு!”

“அச்சா? அச்சு முறிஞ்சி ஆறு வருசமாச்சி சார். பதினோரு லெட்டர் குடுத்தேனே, இப்பதான் பிரிச்சிப் படிக்கறீங்களா?”

வைத்துவிட்டார். சுலோச்சனா அடுத்த படிக்குப் போய்விட்டிருந்தாள்.

“யாரு?”

“ஆபீஸ்லருந்து. ஜீப்ப சரி பண்ணப் போறாங்களாம்.”

“எப்போ?”

“நான் எறங்கினதுக்கு அப்புறம்” என்றார் சந்திரமோகன், ஒரு படி ஏறிக்கொண்டே.